இன்னிக்கு பல்லவன் வேணாம்

— வேற எத வேணா எடுத்துக்கடா வரதா. பல்லவன மட்டும் இன்னிக்கு எடுக்காத.

— ஏன் எடுக்கக் கூடாது? போன வாரம் தோத்தது நானு. தோத்தவன்தான் மொதல்ல ராஜ்ஜியத்த பொறுக்கணும். இந்த ரூமோட சட்டம் அது. போட்டதே நீதான் ஷாகிரு.

— சட்டத்த யாரு இல்லன்னா? பொறுக்கு. சோழன், பாண்டியன், சாளுக்கியன், கங்கன், ராஷ்டிரகூடன், எல்லாம் உனக்காக வரிசையா நிக்கிறான்.

— பல்லவன்.

— அதான் வேணாங்கிறேன்.

— பாக்கியராஜ் இந்த கேம நம்ம லேப்டாப்புல ஏத்திக் குடுத்து எட்டு மாசம் ஆவுது. எட்டு மாசமா நான் காஞ்சிபுரத்துலதான் குந்திக்கினு கீறேன். இன்னிக்கு மட்டும் இன்னா புச்சா?

— ஒண்ணும் இல்ல மாமே. ஒரு சேஞ்சுக்கு. டீயக் குடி, ஆறிடப் போவுது.

— ஆங், டீ! டீ முடிஞ்சா சொன்ன பேர மாத்தக் கூடாது. அதுவும் சட்டந்தான? தோ பாரு, ஒரு முழுங்கு வுட்டு வெக்கிறேன். நீ இன்னா கேம் ஆட்றன்னு தெரியாம இந்த கிளாசு காலி ஆவாது நைனா.

— இன்னும் லேப்டாப்பே தொறக்கல. அதுக்குள்ள கேம் ஆட்றேன்ற.

— நீ மாடி ஏற சொல்லோவே ஆட ஆரம்பிச்சிட்ட. இன்னிக்கு வியாயக்கெயம. எனக்கு வீக்லி ஆஃபு, நான் குந்திக்கினு கீறேன். உனக்கு ஞாயித்துக்கெயமதான ஆஃபு?

— ஷிஃப்ட மாத்திக்கினேன்.

— யாராண்ட?

— சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி வாங்குனேன்.

— உன் அக்கா நிக்காவுக்கே ஒரு நாளு முன்னாடிதான் லீவு கேட்ட. இன்னிக்கு என்னோட கேம் ஆடறதுக்கு கெஞ்சினியா? கையில தூக்கு வேற. அதுல இன்னா?

— இறா தொக்கு. உம்மா குடுத்தனுப்பிச்சாங்க. வரதனுக்குன்னு தனியா பண்ணாங்க.

— உங்கம்மா எனக்குன்னு தனியா எப்ப பண்ணாங்க? ரம்ஜானுக்கு குடுப்பாங்க, சரி. சும்மா ஒரு வியாயக்கெயம இறாவா? எலி ஏண்டா அம்மணமா ஓடுது?

— துன்னுடா முதல்ல. எல்லாத்துலயும் ஒரு நொள்ள.

— ஜன்னல சாத்து. அந்த மில்லு கரி வந்து தொக்குல உயுவுது. சாத்திட்டு இப்பிடி எதுரா குந்து. மூஞ்சப் பாத்து பேசு. நீயும் பாக்கியராஜும் சேந்துக்கினீங்க. அதான மேட்டரு?

— அவன் ராத்திரி ஷிஃப்டு முடிச்சிட்டு அத்திப்பட்டுல கொறட்ட வுட்டுக்கினு இருப்பான். அவன்கூட நான் இன்னாத்த சேர்றது?

— அவன் சாளுக்கியன எடுத்து வடக்கால வருவான். நீ சோழன எடுத்து கடல்ல வருவ. நடுவுல நான் சட்னி. போன வாட்டி அப்பிடித்தான ஆச்சு? உப்பக் கையில எடுத்து சத்தியம் பண்ணல நீ? ஆறு வருசம் உன் எல்லைல கால் வெக்க மாட்டேன்னு சொன்னியே. நாலாவது வருசம் மகாபலிபுரத்துல பதினாறு கப்பலு!

— கால் வெக்க மாட்டேன்னேன். கப்பலு தண்ணிலதான நின்னுச்சு?

— சிரிக்காத. அன்னிலருந்து நீ ஒப்பந்தம் அனுப்புனா மூணு தபா படிக்காம ஓகே அமுக்கறதே இல்ல நானு. ஒரு பொம்ம கப்பலுக்கு மூணு தபா!

— சரி, ஒண்ணு பண்ணுவோம். என்னோட கப்பல நீ எடுத்துக்க. சோழன் உனக்கு. நான் கங்கன எடுத்துக்கிறேன்.

— இன்னாது?

— சோழன எடுத்துக்கடான்றேன்.

— நீயா? பழவேற்காட்டுல பொறந்துட்டு, கப்பல எனக்குத் தர்றியா? எட்டு மாசத்துல ஒரு நாளாவது சோழன வுட்டுக் குடுத்துக்கிறியா? காய்ச்சல்ல படுத்துக்கினு போன்ல சொல்லுவ, எனக்கு சோழன வெச்சிருன்னு.

— எங்க வூட்லயே கடலு போதும்னு ஆயிடுச்சு. தரையில கால ஊணணும்னு வாப்பா பேசிகினு இருக்காரு. இறால் சப்ளைய நிறுத்திட்டு வேற எதனா பாக்கப் போறாராம். நானும் கொஞ்சம் தரையில ஆடிப் பாக்கிறனே.

— சோழியன் குடுமி சும்மா ஆடாது பாய். என்ன காஞ்சிலருந்து கெளப்பணும், அவ்ளோதான் உனக்கு. நான் கெளம்பிட்டா பாக்கியராஜ் பல்லவன எடுப்பான். அதுதான் பிளானு.

— பாக்கியராஜுமில்ல, பிளானுமில்ல. அல்லா மேல ஆணையா, கேம்ல எந்த கூட்டும் இல்ல.

— கேம்ல இல்ல. அப்ப வேற எங்க?

— ஏண்டா ஒவ்வொரு வார்த்தையா புடிச்சிகினு தொங்குற? பேஜாரு புடிச்சவன்டா நீ.

— சரி, நான் எதுக்கு பல்லவன எடுக்கிறேன்னு உனக்கே தெரியும். சொல்லு பாக்கலாம்.

— ஏரிக்கு.

— ஆங். மத்த ராஜ்ஜியத்துல ஏரி வெட்னா ஒரு பங்கு நெல்லு. பல்லவனுக்கு ரெண்டு பங்கு. மொத ஏரிய எங்க வெட்டுவேன்?

— காஞ்சிக்கு வடகெயக்க. ஆத்துக்கு இந்தாண்ட. உங்க ஊரு ஏரி இருக்கிற எடத்துல.

— பேரும் எங்க ஊரு பேருதான். நீ சுத்தி அத்தினி கோட்டையும் புடிச்சாலும், அந்த ஒரு ஏரிய கடைசி வரிக்கும் வுட மாட்டேன் நானு. அத்த வுட்டா எனக்கு கேமே இல்ல.

— அதனாலதாண்டா சொல்றேன். இன்னிக்கு அந்த ஏரிய நான் புடிக்கிற மாதிரி வந்துச்சுன்னா... எனக்கு மனசு வராது. உனக்கும் தாங்காது.

— ஆடு நனையுதேன்னு ஓநா அழுதுச்சாம்! போன வாரம் கரைய ஒடைக்க சொல்லோ எங்க போச்சு உன் மனசு? கைத்தட்டி சிரிச்ச.

— போன வாரம் வேற. இன்னிக்கு வேற.

— இன்னிக்கு இன்னா வேற? சொல்லு. ஏன் நொடிக்கொரு தபா மணி பாக்குற?

— பத்தே முக்கால் ஆவுது. அதுக்கு இன்னா?

— பதினோரு மணிக்கு எவனாவது ஆன்லைன்ல வரானா?

— ஒருத்தனும் வரல. வரதா, இங்க பாரு. மனசுல கஷ்டம் இருந்தா வாய் வுட்டு சொல்லிடு. என்கிட்ட ஏன் தெம்பா இருக்கிற மாதிரி நடிக்கிற? அழணும்னாலும் அழுது தீத்துடு. நான் எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

— நான் இன்னாத்துக்குடா அழணும்?

— சரி வுடு. உனக்கு பேச புடிக்கல.

— இது புது டெக்னிக்கா கீதே! மனச கொயப்பி வுட்டு அடிக்கிறது. போன குடு.

— எதுக்கு?

— பாக்கியராஜோட எத்தினி தபா பேசிக்கிறன்னு பாக்கணும். மடியில கனம் இல்லன்னா வழியில பயம் இன்னாத்துக்கு? குடு இப்பிடி.

— இந்தா. நல்லா பாத்துக்க. நாளைக்கு உன் கல்யாணம் ஆச்சுன்னா அந்தப் பொண்ணு செத்துச்சு.

— பாக்கியராஜ்... செவ்வாக்கெயம ஒண்ணு. அதுக்கப்புறம் இல்ல. உம்மா. வாப்பா. சூப்பர்வைசர். வாப்பா. வாப்பா... இரு. சுப்பிரமணி அண்ணன்னு போட்டுக்கீது. நம்பரு... டேய். இது எங்க அண்ணன் நம்பரு.

— ஆமா.

— நேத்து ராத்திரி ஒண்ணு. காலைல ஏழே கால். எட்டு. எட்டே முக்கா. எங்க அண்ணன் உனக்கு எதுக்கு இத்தினி தபா அடிச்சிக்கிறாரு?

— அதான்... உன்ன பாத்துக்கச் சொன்னாரு. இன்னிக்கு ஒரு நாளு கூடவே இரு, கேம் கீம் ஆடிக்கினு இருங்க, மதியம் வரிக்கும் எங்கயும் வுடாதன்னாரு. அவரு மேல கோச்சுக்காத. பாசத்துலதான் சொன்னாரு.

— என்ன ஏன் பாத்துக்கணும்? எனக்கு இன்னா கோளாறு?

— டேய். இப்பவும் தெரியாத மாதிரியே பேசுற பாரு.

— இன்னா தெரியணும்? ஷாகிரு, வெளாட்டு போதும். எங்க அண்ணன வெச்சி கேம் ஆடாத. உன்ன நம்ப மாட்டேன், பாக்கியராஜ நம்ப மாட்டேன், எங்க காண்டிராக்டர நம்பவே மாட்டேன். கண்ண மூடிக்கினு நான் நம்புற ஒரே ஆளு எங்க அண்ணன். நைனா போனப்புறம் என்ன வளத்தவரு அவரு.

— காலைல உனக்கு போன் பண்ணாரா?

— பண்ணாரு. அண்ணிக்கு ஒடம்பு செரியில்ல, டாக்டராண்ட இட்டுக்கினு போறேன், இன்னிக்கு ஊட்டுக்கு வராத, பூட்டிக் கெடக்கும்னாரு.

— டாக்டரா?

— டாக்டர்தான். ஏன், உன்னாண்ட இன்னா சொன்னாரு?

— வரதா, நான் ஒண்ணு கேக்கிறேன். ஒயுங்கா பதில் சொல்லு. நெலத்த இன்னா பண்றதா இருக்கீங்க?

— எந்த நெலம்?

— உங்க நெலண்டா. ஏரிக்குக் கீழ இருக்கிறது.

— அத்த இன்னா பண்ணுவாங்க? நாத்து வுடணும். கீழ்மடைலருந்து தண்ணி செரியா ஏற மாட்டேங்குது, பைப்பு போடலாம்னு அண்ணனாண்ட சொல்லிக்கினு கீறேன். அடுத்த வீக்லி ஆஃபுக்கு போயி நானே தோண்டலாம்னு மம்டிக்கு காம்பு கூட மாத்தி வெச்சிக்கிறேன். தோ, கதவுக்குப் பின்னால சாத்தி கீது பாரு. ஏண்டா மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சு உனக்கு?

— பைப்பு போடப் போறியா?

— அதான சொல்றேன். யாருக்கு போன் அடிக்கிற?

— இரு. எடு... எடு... சே, எடுக்க மாட்டேங்கிறாரு. கடையிலயே போன வெச்சிட்டுப் போயிட்டாரு போல.

— யாருடா? பாக்கியராஜா?

— பாக்கியராஜ வுட்றா! உங்க அண்ணனுக்கு நீ ஏதாவது எயுதிக் குடுத்தியா? பத்திரம் கித்திரம்?

— ஆங், பவர் குடுத்துக்கிறேன். ஆடி மாசத்துல. நைனா பேர்ல கீற பட்டாவ நம்ம பேருக்கு மாத்தணும், அதுக்கு நாலு ஆபீசு ஏறி எறங்கணும்னாரு. நான் எங்க ஏறி எறங்க? ஒரு நாளு லீவு போட்டா அந்த மாச அட்டெண்டன்ஸ் போனசு பூடும். அதான், நீயே எல்லாம் பாத்துக்கண்ணான்னு எயுதிக் குடுத்துட்டேன். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு போயிட்டு, ரெண்டு மணி ஷிஃப்டுக்கு மூணு மணிக்கெல்லாம் கரெக்டா வந்து பஞ்ச் வெச்சேன்.

— படிச்சியா?

— எத்த?

— அந்த பத்திரத்த.

— எங்க அண்ணன் காட்ற எடத்துல நான் படிச்சிப் பாத்துத்தான் கையெயுத்து போடணுமா? இன்னா பேச்சு பேசுற?

— அதுல பட்டா மாத்தறதுக்கு மட்டும் இல்லடா. விக்கிறதுக்கும் சேத்துதான் இருக்குது. உன் பங்கும் சேத்து.

— பீலா வுடாத.

— நான் பாத்தேன். மூணாவது பக்கம். உன் கையெயுத்து, உன் கைரேக, எல்லாம் இருக்குது.

— நீ எங்கடா பாத்த எங்க அண்ணன் பத்திரத்த?

— பாத்தேன்.

— எங்க பாத்தன்றேன்!

— கத்தாத. மொதல்ல கேளு. இன்னிக்கு பொன்னேரில ரிஜிஸ்டரு. பதினொன்ரைக்கு டோக்கனு. மொத்த நெலமும் போவுது. குடோன் கட்றதுக்கு.

— டேய்.

— நீ சம்மதம் சொல்லிட்டன்னு சொன்னாரு. அல்லா மேல ஆணையா, அப்பிடித்தான் சொன்னாரு. தம்பி சரின்னுட்டான், ஆனா ஆபீசுக்கு வந்து நின்னா தாங்க மாட்டான், அழுதுடுவான், அதனால நீ பக்கத்துல இருந்து பாத்துக்கன்னாரு. நானும் நம்பிட்டேன். அதுக்குத்தான் ஷிஃப்ட மாத்திக்கினு வந்தேன். உம்மாகிட்ட சொன்னேன், நெலம் போவுதாமே, அந்தப் புள்ள எப்பிடித் தாங்கும்னு அவங்கதான் கண்ணு கலங்கிகினு தொக்கு செஞ்சாங்க. நீ வெளிய காட்டிக்காம தெம்பா இருக்கன்னு நெனச்சேன்டா. பல்லவன எடுத்தா அந்த ஏரிய வெட்டுவ, ஊரு பேரு வெப்ப... அந்தப் பேர இன்னிக்கு அந்த ஸ்கிரீன்ல நான் எப்பிடிப் பாக்கிறது? அதுக்காகத்தான் வேணாம் வேணாம்னேன்.

— எங்க அண்ணன் அப்பிடிப் பண்ண மாட்டாரு. நீ பொய் சொல்ற.

— போன் பண்ணு. நீயே கேளு.

— ஸ்விட்ச் ஆஃப்.

— அண்ணிக்குப் பண்ணு.

— அண்ணி எடுத்தாங்க... அண்ணி, நான் வரதன். டாக்டராண்ட போயிட்டீங்களா? ... எந்த டாக்டரா? ... ஊட்லதான் கீறீங்களா? அண்ணன் எங்க? ... பொன்னேரிக்கா? ... ஏன் அண்ணி அழறீங்க? அண்ணி? ... வெச்சிட்டாங்க.

— வரதா...

— கேம்ல பதினாறு கப்பலு வந்தா எனக்கு அஞ்சு மைலு முன்னாடியே தெரியும்டா. நீ அனுப்புற பொம்ம ஒப்பந்தத்த மூணு தபா படிச்சேன். நிஜப் பத்திரத்த ஒரு தபா படிக்கலியே! பஞ்ச் வெக்கணும்னு ஓடியாந்தேனே! ஐயோ, எங்க நைனா மூட்ட தூக்கி வாங்குன நெலண்டா அது.

— இப்ப பொலம்பறதுக்கு நேரம் இல்ல. எந்திரி.

— நீ தொடாத என்ன. நீயும் கூட்டுதான். நேத்துலருந்து தெரிஞ்சிக்கினு ஒரு வார்த்த கேட்டியாடா என்னாண்ட? நெலத்த விக்கிறியாமே வரதான்னு ஒரு வார்த்த?

— கேட்டா உனக்கு வலிக்கும்னு வுட்டுட்டேன். கேட்டிருக்கணும். தப்புதான். செருப்பால அடி, வாங்கிக்கிறேன். ஆனா அங்க போயிட்டு அடி. பத்து அம்பத்தஞ்சு ஆவுது. பைக்குல அர மணி நேரம். ரயிலு கேட்டு மூடி கெடந்தா மேல ஒரு அஞ்சு நிமிசம்.

— போயி? பவருதான் குடுத்துக்கிறேனே. நான் போயி கத்துனா எவன் கேப்பான்? வெரலு வெச்சது நானு. வெளிய தள்ளிடுவாங்க.

— விக்கிறவன நிறுத்த முடியாது, சரி. வாங்குறவன் வாங்க மாட்டேன்னுட்டா?

— வாங்குறவன் ஏன் நிறுத்துவான்? டப்பு குடுத்தவன் சும்மா எயுந்து பூடுவானா? எவண்டா அவன்? உனக்குத் தெரியும். பத்திரத்த அவன்கிட்டதான பாத்த? பேரச் சொல்லு.

— ஆளு நல்லவருதான். நீ சம்மதிச்சிட்டன்னுதான் அவரும் நம்பிகினு இருக்காரு. உங்க அண்ணன் அவரையும் ஏமாத்திட்டாரு.

— எனக்கு நல்லவன் கெட்டவன் வேணாம். பேரு!

— வண்டி சாவிய என்கிட்ட குடு, நான் ஓட்றேன். உங்க அண்ணன நீ பாத்துக்க வரதா. எங்க வாப்பா கையில இருக்கிற பேனாவ நாந்தான் புடுங்கணும்.